காற்றைப் பிடுங்கிவிட்டு ஓட்டுகிற ஊர்

இந்த ஊரில் சனிக்கிழமை காலையில் கடற்கரைக்குப் போகிறவர்கள், தார் ரோடு முடிந்து மணல் தொடங்குகிற இடத்தில் வண்டியை நிறுத்துகிறார்கள். இறங்கி, ஒவ்வொரு சக்கரத்துக்குப் பக்கத்திலும் குந்திக்கொண்டு காற்றைத் திறந்துவிடுகிறார்கள். வரிசையாக நிற்கிற எல்லா வண்டியிலிருந்தும் உஸ்ஸென்று சத்தம் வருகிறது. டயர் அமுங்கி, பிள்ளை பெற்றவள் வயிறு மாதிரித் தளர்ந்ததும் எழுந்து கையைத் துடைத்துக்கொள்கிறார்கள். முதல் தடவை பார்த்தபோது யாரோ யாருக்கோ கெடுதல் செய்கிறான் என்றுதான் நினைத்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு வண்டியில் காற்றைப் பிடுங்கினால் அது பகை. பெண் கேட்டுக் கொடுக்காதவன், மீன் ஏலத்தில் முந்திக்கொண்டவன், தேர்தலில் ஓட்டை மாற்றிப் போட்டவன், இவர்கள் வண்டியில்தான் காற்று போகும். விடிந்து பார்த்து, வண்டிக்காரன் தெருவில் நின்று தாயையும் பிள்ளையையும் இழுத்துத் திட்டுவான். இங்கே அவனவன் வண்டிக் காற்றை அவனவனே பிடுங்கிவிட்டுப் பக்கத்து வண்டிக்காரனைப் பார்த்துச் சிரிக்கிறான்.

நான் கடப்பாக்கத்துக்குப் பக்கத்தில் ஒரு குப்பத்தில் பிறந்து, அதே குப்பத்தில் வாழ்க்கைப்பட்டு, கூடையில் மீன் சுமந்து மதுராந்தகம் வரைக்கும் போய் விற்றவள். படிப்பு ஐந்தாவதோடு சரி. ஆனால் என்னை எடை போட்டு ஏமாற்றியவன் ஒருத்தன்கூட இல்லை. இப்போது ஆஸ்திரேலியாவில் பெர்த் என்கிற ஊரில் என் மகன் தேசிங்குவோடு இருக்கிறேன். அவன் இந்த நாட்டு இரும்புச் சுரங்கத்தில் வேலைக்கு வந்தவன். செம்மண் காட்டில் போகிற வண்டியை எப்படி ஓட்ட வேண்டும் என்று சுரங்கக்காரர்களே வகுப்பு வைத்துச் சொல்லிக்கொடுத்து, தேர்வு வைத்து, அதற்கு ஓர் அட்டையும் கொடுத்திருந்தார்கள். அவன் பெண்டாட்டி பிரிந்து போய்விட்டாள். அதில் யார் சரி யார் தப்பு என்று நான் கேட்டதில்லை. தனியாக, டப்பாவில் அடைத்து விற்பதைத் தின்று கிடக்கிறான் என்று கேள்விப்பட்டதும் ஆக்கிப் போடுவதற்குக் கிளம்பி வந்தேன். என் வீட்டுக்காரர் வரவில்லை.

"அங்கியும் கடல் கீதாம்யா" என்றேன்.

"இருந்துட்டுப் போவுது. அது என்னிய யாரு நீன்னு கேக்கும்" என்றார்.

அதற்குமேல் அந்த மனுஷனிடம் பேச முடியாது. நான் இந்தக் கரையில், அவர் அந்தக் கரையில் என்று கொஞ்ச காலம் போயிற்று. இங்கே கடலோரத்தில் வலை காய்வதில்லை. கருவாட்டு வாசம் கிடையாது. நாய்க்குக்கூட ஒரு கயிறு, அதைப் பிடித்துக்கொள்ள ஒரு மனுஷன். கடலைப் பார்த்தால் எனக்குக் கை பரபரக்கும். எடுக்க ஒன்றும் இல்லாமல் திரும்பி வருவேன். பொழுதுபோக்குக்கு மணலில் வண்டி ஓட்டுகிறவர்களைப் பார்த்து, வேலை மெனக்கெட்டவர்கள் என்று நினைத்துக்கொள்வேன்.

ஒரு மழைக்காலத்தில் தேசிங்குவுக்கு லீவு கிடைத்து இரண்டு பேரும் ஊருக்குப் போனோம். சென்னையில் அவனுடைய கூட்டாளி ஒருவன் தன் பெரிய வண்டியை, லீவு முடிகிற வரைக்கும் வைத்துக்கொள் என்று கொடுத்தான். ஜீப் மாதிரி உயரம், உள்ளே கல்யாண மண்டபம் மாதிரி இடம். நெம்மேலியில் கடல் தண்ணீரைக் குடிதண்ணீராக்குகிற ஆலையைத் தாண்டி வரும்போதே மகன் முகம் மாறிவிட்டது. சன்னலை இறக்கிவிட்டுக் காற்றைக் குடித்துக்கொண்டே ஓட்டினான். இரண்டாம் நாள் வீட்டுக்காரரையும் என்னையும் ஏற்றிக்கொண்டு மாமல்லபுரம் போனான். வீட்டுக்காரர் முன்சீட்டில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எதிரே வருகிற பஸ்காரனெல்லாம் தன்னைப் பார்க்கிறானா என்று பார்த்துக்கொண்டு வந்தார். கியருக்குப் பக்கத்தில் திருகுகிற ஒரு குமிழ் இருந்தது.

"இது இன்னாடா, ரேடியோவா?"

"இல்ல நைனா. இத்த வச்சித்தான் எத்தினி சக்கரம் வேல செய்யணும்னு சொல்றது. இப்ப டூ ஹையில கீது. தார் ரோட்டுக்கு இதான். பின்னாடி ரெண்டு சக்கரம் மட்டும் தள்ளும்."

"அப்ப முன்னாடி ரெண்டு இன்னா பண்ணிக்கினு கீது?"

"சும்மா கூட உருளுது."

"எங்க போட்லயும் அப்டித்தாண்டா. நாலு பேரு போவானுங்க. ரெண்டு பேரு வல வலிப்பான், ரெண்டு பேரு பீடி வலிப்பான்."

மகன் சிரித்த சிரிப்பில் வண்டி ஒரு பக்கம் போய் வந்தது. அந்தச் சிரிப்பை அதற்கு முன்னால் எப்போது கேட்டேன் என்று எனக்கு நினைவில்லை. பிறகு நிதானமாகச் சொல்லிக்கொண்டு வந்தான். ஃபோர் ஹை என்றால் மணல், சேறு, மழையில் வழுக்குகிற மண்ரோடு. நான்கு சக்கரமும் தள்ளும், ஓட்டத்திலேயே மாற்றிக்கொள்ளலாம். ஃபோர் லோ என்றால் வண்டியை நிறுத்தி, நியூட்ரலில் போட்டுவிட்டுத்தான் மாற்ற வேண்டும். பலம் ஏறும், வேகம் இருக்காது. செங்குத்தாக ஏறுவதற்கும் இறங்குவதற்கும், சிக்கிக்கொண்டால் அங்குலம் அங்குலமாக வெளியே வருவதற்கும் அது.

"எப்பவும் நாலையும் வேல வாங்கினா இன்னா? பீடி புடிக்கிறவனுக்கு இன்னாத்துக்கு ரெஸ்ட்டு?" என்று கேட்டார் வீட்டுக்காரர்.

ஒரு காலி இடத்தில், காய்ந்த தார்த் தரையில், நான்கு சக்கரத்தையும் சேர்த்துவிட்டு மகன் வண்டியை முழுசாக ஒடித்துத் திருப்பிக் காட்டினான். வண்டி முக்கியது, உதறியது, நொண்டியது. திரும்பும்போது முன்சக்கரம் கூடுதல் தூரம் போக வேண்டும், பின்சக்கரம் குறுக்கே வரும், மணலாக இருந்தால் சறுக்கிச் சமாளித்துக்கொள்ளும், தார் பிடித்துக்கொண்டு விடாது, இரண்டும் ஒன்றையொன்று இழுத்து உள்ளே ஏதாவது உடையும் என்றான்.

"ரெண்டு பொண்டாட்டிக்காரன் கெதிதான்னு சொல்லு" என்றார் இவர். எனக்கே சிரிப்பு வந்துவிட்டது. நாங்கள் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அதுதான் கடைசி.

அதற்குப் பிறகு புயல் சின்னம் என்றார்கள். மழை விடாமல் அடித்தது. எங்கள் குப்பத்துக்கும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கும் நடுவில் கழிவெளி இருக்கிறது. உப்புத் தண்ணீரும் மழைத் தண்ணீரும் கலந்து நிற்கிற தாழ்வான இடம். அதன்மேல் போட்ட மண்ரோடுதான் எங்களுக்கு வழி. ஒரு விடியற்காலையில் அது உடைந்து தண்ணீரோடு போய்விட்டது. மழை நின்று வெளிச்சம் வந்த காலையில், நாஸ்தா சாப்பிட்ட தட்டைக் கீழே வைக்கும்போது என் வீட்டுக்காரர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டார். வேர்த்து ஊற்றியது. கடலில் எத்தனையோ அடி பட்டவர், முனகி நான் கேட்டதில்லை. அன்றைக்கு முனகினார்.

ஆம்புலன்ஸுக்குச் சொன்னோம். அவர்கள் உடனே கிளம்பினார்கள். ஆனால் உடைந்த ரோட்டில் எப்படி வருவார்கள்? வடக்கே இருக்கிற அடுத்த குப்பத்துக்குச் சிமெண்டு ரோடு இருக்கிறது, அதன் முனையில் நிற்கிறோம், அங்கே கொண்டுவந்துவிடுங்கள், செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய்விடலாம் என்றார்கள். கடல் வழியாகக் கொண்டுபோகலாம் என்றால் அலை ஆள் உயரம் மடிந்துகொண்டிருந்தது. கரையோடு போவது ஒன்றுதான் வழி. மகன் சாவியை எடுத்துக்கொண்டு ஓடினான். நான் பின்சீட்டில் ஏறி அவர் தலையை மடியில் வைத்துக்கொண்டேன். இனி நடக்க வேண்டியது எல்லாம் அவரை அந்தச் சிமெண்டு ரோட்டு முனையில் சேர்ப்பது, அவ்வளவுதான்.

மகன் ஏறவில்லை. சக்கரத்துக்குப் பக்கத்தில் குந்திவிட்டான். என் தம்பி ஏகாம்பரம், குப்பத்தில் குரல் பெரியவன், அதைப் பார்த்துவிட்டான்.

"டேய்! இன்னாடா பண்ற?"

"காத்த எறக்கணும் மாமா. பாதி எறக்கினாத்தான் டயரு அகலமாவும், மணல்ல பொதையாது. ஒரு நிமிசம்."

"உசுரு போய்க்கினு கீது, இவன் குந்திக்கினு காத்த புடுங்குறான்! ஏறுடா வண்டியில!"

"மாமா, அங்க எல்லாரும் இப்டித்தான்..."

"அங்க! அங்கத்திக் கதைய அங்க போய்ப் பேசு!"

கூட்டத்தில் ஒருத்தி, "நல்லா கீற டயர்ல காத்த வுடறானே, கிலி புடிச்சிப் புத்தி மாறிடுச்சா" என்று அழுதுகொண்டே கேட்டாள். யாரோ ஒருவன் அந்த நேரத்திலும் சிரித்தான். மகன் சன்னல் வழியாகத் தன் அப்பாவைப் பார்த்தான். அவர் கண்ணைத் திறக்காமல், "மானத்த வாங்காத தேசிங்கு. எட்றா" என்றார். ஒரு டயரில் கொஞ்சம் காற்று போயிருந்தது. அப்படியே எழுந்து வந்து வண்டியை எடுத்தான்.

நான் எதுவும் சொல்லவில்லை. வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சொல்லியிருந்தாலும் அந்தக் கூட்டத்தில் ஒரு பொம்பிளை பேச்சு எடுபட்டிருக்காது.

ஃபோர் ஹையில் போட்டுத் தண்ணீர் ஓரமாகவே, ஈரம் இறுகின மணலில் ஓட்டினான். நன்றாகத்தான் போனது. குப்பத்து ஆண்கள் பின்னாலேயே ஓடி வந்தார்கள். பாதி வழியில் கழிவெளித் தண்ணீர் கரையை அறுத்துக்கொண்டு புதிதாக ஒரு வாய் திறந்து கடலுக்குள் போய்க்கொண்டிருந்தது. தண்ணீர் ஆழமில்லாமல் பரந்து ஓடுகிற இடத்தில் அதைக் கடக்க, மேலே ஏற வேண்டியிருந்தது. மேலே மணல் பார்வைக்குக் காய்ந்து கெட்டியாக இருந்தது. அடை வெந்த மாதிரி மேலே ஒரு பொருக்கு, அடியில் முழுக்கச் சொதசொதப்பு. முன்பக்கம் உள்ளே போனது, பிறகு பின்பக்கம். மகன் முறுக்கவில்லை, உடனே காலை எடுத்துவிட்டான். முறுக்கினால் சக்கரம் தனக்குத் தானே குழி தோண்டிக்கொள்ளும் என்று அவனுக்குத் தெரியும். "இருங்க, யாரும் தள்ளாதீங்க. காத்த எறக்கிட்டு, மண்ணத் தள்ளிட்டு, லோவுல போட்டு வந்த தடத்துலயே பின்னாடி எடுத்துடுவேன்" என்றான். நிதானமாகத்தான் சொன்னான். அது அவன் தேர்வு எழுதி வாங்கின நிதானம்.

ஓடி வந்தவர்கள் அதற்குள் சூழ்ந்துகொண்டார்கள். எங்கள் கரையில் ஒரு வழக்கம் உண்டு. மீன் ஏற்ற வருகிற குட்டி யானை என்கிற சின்ன லாரி மணலில் சிக்கினால், பழைய வலையைச் சுருட்டிச் சக்கரத்துக்கு அடியில் போட்டு, ஆட்கள் தள்ளுவார்கள். சக்கரம் வலையைப் பிடித்துக்கொண்டு ஏறிவிடும். எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். புயலுக்குப் பயந்து எங்கள் படகுகளையெல்லாம் அந்த மேட்டில்தான் இழுத்து வைத்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் படகும் அங்கே இருந்தது. அதில் வலையும் இருந்தது.

மடியில் இருந்தவர் தலையைத் தூக்கினார். "என் வலைய எட்தாந்து போடுங்கடா" என்றார்.

"புது வல மாமா அது!" என்றான் ஏகாம்பரம்.

"உசுர வுட வலையா பெர்சு? போடு."

மகன் இறங்கி ஓடி வந்து பின்கதவைத் திறந்தான். "வேணாம் நைனா. குட்டி யானைக்கு ரெண்டு சக்கரந்தான் சுத்தும், அதுவும் மெல்ல. இது நாலும் சுத்தும். நைலான் உள்ள இழுத்துக்கினு போயி ஆக்சில்ல சுத்திக்கும். அப்புறம் அசையாது. சொன்னா கேளு."

அவர் கண்ணைத் திறந்து மகனைப் பார்த்தார். "நீ கம்முனு கெட. இது என் கடக்கர. உன் ஊரு இல்ல."

இந்த ஒரு வார்த்தையை நான் மனசுக்குள் எத்தனை முறை திரும்பத் திரும்பக் கேட்டிருப்பேன் என்று சொல்ல முடியாது. சுரங்கத்தில் மலை மாதிரி லாரிகளுக்கு நடுவில் வண்டி ஓட்டுகிறவன், வெள்ளைக்கார மேஸ்திரியிடம் முடியாது என்று நேருக்கு நேராகச் சொல்கிறவன், அந்த இடத்தில் அரைக்கால் சட்டைப் பையனாக ஆகிவிட்டான். தலையைக் குனிந்துகொண்டு போய் முன்னால் உட்கார்ந்தான். நியூட்ரலில் போட்டான். குமிழைத் திருகினான். அடியில் 'கடக்' என்று விழுந்தது. ஆண்கள் வலையைச் சக்கரங்களுக்கு அடியில் திணித்துவிட்டு, தோள் கொடுத்துப் படகு தள்ளுகிற குரலோடு தள்ளினார்கள். ஒரு மூச்சு நேரம் வண்டி மேலே எழும்பியது. எனக்கு உடம்பில் தெரிந்தது. வெளியே எல்லாரும் ஓ என்று கத்தினார்கள். அவர்கூட என் கையை அழுத்தினார். அப்புறம் அடியில் ஏதோ இறுகுகிற சத்தம், ஒரு வெட்டு, எஞ்சின் நின்றுவிட்டது. குனிந்து பார்த்தவர்கள் நிமிரவில்லை. முன்னாலும் பின்னாலும் வலை முறுக்கிக்கொண்டு, உடைந்த காலுக்குப் போட்ட கட்டு மாதிரி இறுகிக் கிடந்தது என்று பிற்பாடு சொன்னார்கள்.

படகு மூடியிருந்த தார்ப்பாயில் அவரைக் கிடத்தித் தூக்கி, ஆழமில்லாத அந்தத் தண்ணீரைத் தாண்டினார்கள். நான் பக்கத்திலேயே ஓடினேன். மகன் தலைமாட்டு முனையைப் பிடித்திருந்தான். மணலில் எட்டு பேர் கால் ஒன்றாகவா விழும்? அவர் உடம்பு குலுங்கிக்கொண்டே போனது.

"வல போச்சா?" என்று கேட்டார்.

"இல்லய்யா, நல்லா கீது" என்றேன்.

சிமெண்டு ரோட்டில் ஆம்புலன்ஸின் சிவப்பு விளக்கு சுற்றுவது எனக்குத் தெரிந்தது. அதற்குள் இருந்த பெண் செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு மணலில் எங்களை நோக்கி ஓடி வந்தாள். நல்ல பெண். அவள் வந்து அவர் கையைப் பிடித்து நாடி பார்த்துவிட்டு, எங்கள் யார் முகத்தையும் பார்க்காமல் கடலைப் பார்த்தாள்.

ஊரில் இருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு ஒன்று சொல்லிக்கொள்கிறேன். வெளியே போன பிள்ளை கொண்டுவருகிற சோப்பை வாங்கிக்கொள்கிறோம், சாக்லேட்டை வாங்கிக்கொள்கிறோம், அவன் வாங்கிக் கொடுத்த செல்போனைத் தெரு முழுக்கக் காட்டுகிறோம். அவன் கற்றுக்கொண்டு வந்ததை மட்டும் வாசலிலேயே வைத்துவிட்டு வா என்கிறோம். வெளியே இருக்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்வேன். ஆனால் அதை என்னவென்று சொல்வது? அப்பன் பேச்சைக் கேட்காதே என்றா? சாகக் கிடக்கிற அப்பனை எதிர்த்து, அவனுடைய கரையில் நின்றுகொண்டு, உனக்குத் தெரியாது என்று சொல் என்றா? எழுத வரவில்லை.

காரியம் முடிந்ததும் நான் அங்கேயே இருந்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். தனியாக இருக்க எனக்குப் பயமில்லை, சாகிற வரைக்கும் கூடை தூக்கக் கையில் பலம் இருக்கிறது. மகனைப் பார்த்துத்தான் திரும்ப விமானம் ஏறினேன். அவன் சாப்பிடவில்லை. வண்டியில் சுற்றின வலையை அறுத்து எடுத்தபோது, அரிவாளை யார் கையிலும் கொடுக்காமல் மண்ணில் மல்லாந்து படுத்துக்கொண்டு முழுக்கத் தானே அறுத்தான். ஏகாம்பரம் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தான்.  தப்பு தன்மேல் என்று அவன் நினைக்கிறான், தன்மேல் என்று இவன் நினைக்கிறான். யாருடைய தப்பு என்று தீர்ப்பு சொல்லக்கூடியவர் போய்விட்டார். நேரத்துக்குச் சேர்த்திருந்தால் பிழைத்திருப்பாரா என்பது எந்த டாக்டருக்கும் தெரியாது. அது தெரியாததுதான் என் பிள்ளையைத் தின்கிறது.

இங்கே வந்து சுரங்க வேலையை விட்டுவிட்டான். ஒரு கிடங்கில் பெட்டி அடுக்குகிறான். இங்கே அவனுக்கென்று இருக்கிற பெரிய வண்டி, அதிலும் அதே மாதிரிக் குமிழ், வீட்டுக்குப் பக்கத்தில் கூரையடியில் நிற்கிறது. கடைக்குப் போக வர மட்டும்தான் எடுப்பான். வேலை முடிந்து வந்ததும் வீட்டுக்குள் வராமல் அதிலேயே உட்கார்ந்திருப்பான். அடுப்படியில் எனக்குச் சத்தம் கேட்கும். கடக். கொஞ்சம் பொறுத்துக் கடக். ஒருநாள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். நான் கேட்காமலே சொல்லிக்கொண்டு போனான். டூ ஹை தார் ரோட்டுக்கு. ஃபோர் ஹை மணலுக்கு, காற்று இறக்கின பிறகு. ஃபோர் லோ சிக்கினால், மண்ணைத் தள்ளின பிறகு. எனக்கு எல்லாம் மனப்பாடமாகிவிட்டது. வண்டி ஓட்டத் தெரியாத எனக்கே எந்த நேரத்துக்கு எது என்று தெரிகிறது.

"தெரிஞ்சிக்கினே செஞ்சேம்மா" என்றான். "இந்த ஊர்ல யாரு சொல்லியிருந்தாலும் கேட்டிருக்க மாட்டேன்."

"உங்கப்பன் சொல்லி நீ கேட்ட. அதுல இன்னா தப்பு?"

"அதாம்மா" என்று சொல்லிவிட்டு மறுபடியும் குமிழைத் திருகினான்.

பக்கத்து வீட்டில் கெவின் என்று ஒருவர். என் வயசு இருக்கும், தனிக்கட்டை. பார்க்கும்போதெல்லாம் கையைத் தூக்கி 'யூ ரைட் லவ்?' என்பார், சௌக்கியமா என்று அர்த்தம். நான் மகனோடு நிற்கிற வண்டியில் உட்கார்ந்திருப்பதை வேலிக்கு மேலாகப் பலமுறை பார்த்திருக்கிறார். கிழவிக்குக் கடற்கரை பார்க்க ஆசை, பிள்ளை கூட்டிக்கொண்டு போகாமல் சோம்பலாக இருக்கிறான் என்று எடுத்துக்கொண்டார். ஒரு சனிக்கிழமை மகன் வேலைக்குப் போயிருந்தபோது தன் வண்டிக் கதவைத் திறந்துவைத்து வா வா என்று கூப்பிட்டார். மறுத்தால் மரியாதை இல்லை என்று போனேன். தார் ரோடு முடிகிற இடத்தில் இறங்கிக் காற்றை விட்டார். மணல்மேல் வண்டி ஓடம் மாதிரி மிதந்தது. ஒரு குலுக்கல் இல்லை. இவ்வளவுதானா என்று நினைத்ததும் எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் பயந்து வண்டியை மாட்டுவண்டி வேகத்துக்குக் கொண்டுவந்தார். "நோ வொரீஸ், நோ வொரீஸ், வெரி சேஃப்" என்றார். நான் இன்னும் அழுதேன். அவர் இன்னும் மெதுவாக ஓட்டினார்.

இறங்கி உட்கார்ந்தபோது வண்டியின் பக்கவாட்டில் மாட்டியிருந்த இரண்டு ஆரஞ்சுப் பலகையைப் பார்த்தேன். பிளாஸ்டிக், முழுக்க முழுக்கப் பல். இது எதற்கு என்று கையால் கேட்டேன். 'பாக்டு' என்றார். சிக்கிக்கொண்டால் என்று அர்த்தம். பலகையைக் கழற்றிச் சக்கரத்துக்கு அடியில் வைத்து, சக்கரம் அதைப் பிடித்து ஏறுவதைச் செய்து காட்டினார். எங்கள் ஆட்கள் செய்ததும் அதேதான். அந்த எண்ணம் தப்பில்லை. சக்கரத்துக்குப் பிடிக்க ஒன்று வேண்டும் என்று அவர்களுக்கும் தெரிந்திருந்தது, கையில் இருந்தது வலை. நான் அந்தப் பல்லைத் தடவிக்கொண்டே இருந்தேன். அவருக்கு என்ன தோன்றியதோ, வீட்டுக்கு வந்ததும் ஒரு பலகையைத் துடைத்து என் கையில் கொடுத்து, 'ஃபார் யூ' என்றார். வாங்கிக்கொண்டேன். மகன் கண்ணில் படாமல் துணிமூட்டைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன்.

தெவசம் வந்தது. ஏகாம்பரம் அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் போன் செய்தான். குரலே சின்னதாக இருந்தது.

"இன்னாக்கா பண்ணப் போற அங்க?"

"படச்சத கடல்ல வுடணும்டா."

"வுடு. கெயக்க பாத்து நின்னு வுடு. வுட்டுட்டுத் திரும்பிப் பாக்காத." அப்புறம் கேட்டான்: "அவன் எப்டி கீறான்?"

"கீறான்" என்றேன்.

காலையில் சோறும் மீன்குழம்பும் அவருக்குப் பிடித்த முறுக்கும் வாழையிலையில் எடுத்துக்கொண்டு போனோம். மகன் தார் ரோடு முடிகிற இடத்தில் வண்டியை நிறுத்திவிட்டான். அதற்குமேல் நடந்தோம். அலை ஓரத்தில் போய் நின்ற பிறகுதான் எனக்கு உறைத்தது. சூரியன் எங்கள் முதுகுக்குப் பின்னால், வீட்டுக் கூரைகளுக்கு மேலே ஏறிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் கிழக்கும் கடலும் ஒரே திசை. பிறந்ததிலிருந்து அப்படித்தான், இரண்டும் வேறு வேறு என்று யோசிக்க வேண்டி வந்ததே இல்லை. இங்கே கடல் மேற்கே கிடக்கிறது. கிழக்கே பார்த்தால் கடல் இல்லை, கடலைப் பார்த்தால் கிழக்கு இல்லை.

"எந்தப் பக்கம்மா?" என்று இலையை வைத்துக்கொண்டு கேட்டான் மகன்.

யோசித்தேன். பிறகு, "நான் கெயக்க பாத்து நிக்கறேன். நீ போயி கடல்ல வுடு. வுட்டுட்டு வந்துடு" என்றேன்.

நான் திரும்பி வெயிலைப் பார்த்து நின்றேன். அவன் என் பின்னால் தண்ணீருக்குள் இறங்குகிற சத்தம் கேட்டது. ஒரு அலை வந்து என் குதிகாலுக்கு அடியிலிருந்து மணலை உருவிக்கொண்டு போனது. எதிரே கூரைகள், ஆன்டெனாக்கள், அதற்கும் அப்பால் எவ்வளவோ தரை. இலை போயிற்றா, கரைக்கே திரும்பியதா என்று தெரியவில்லை. திரும்பிப் பார்க்கக் கூடாது.

"தேசிங்கு, வாடா" என்றேன்.

"வரேம்மா."

குரல் வந்தது. தண்ணீரில் கால் எடுத்து வைக்கிற சத்தம் வரவில்லை. நான் கிழக்கே பார்த்துக்கொண்டே நின்றேன்.